கோவை கோர்ட்டில் அண்ணனும் தங்கையும்

1933 அக்டோபர் 29-ஆம் தேதி ஈரோட்டில் வெளியான ‘குடி அரசு’ இதழின் தலையங்கத்துக்கு ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்று பெயர். அந்தத் தலைப்பு ஒன்றே போலீஸுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். உள்ளே பேசப்பட்டதோ வரிப்பணம், பெரிய அதிகாரிகளின் கொழுத்த சம்பளம், ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாத கல்வி. எழுதியவர் ஒரு காலத்தில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்த மண்டிக்கடைக்காரர் ஈ.வெ.ராமசாமி. சோவியத் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் பேச்சில் பொதுவுடைமை வாடை தூக்கலாகவே வீசியது.

அரசு முதலில் பத்திரிகையின் கழுத்தைப் பிடித்தது. ஜாமீன் தொகை கேட்டதும் ‘குடி அரசு’ நின்றது. நவம்பரிலேயே ‘புரட்சி’ என்ற பெயரில் அடுத்த வார இதழ் வந்துவிட்டது! டிசம்பரில் கைது. இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ, அதாவது ராஜத்துவேஷம். அவதூறு வழக்கென்றால் மானம் போனதாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இங்கே மானம் போனதாகச் சொன்னது சர்க்கார்.

ஈரோடு அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்ததால் விசாரணை கோவையில் நடந்தது. குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர். இரண்டாமவர் ராமசாமியின் தங்கை கண்ணம்மாள். பத்திரிகையை வெளியிடுபவர் என்று பதிவாகியிருந்தது அவர் பெயர். 1921-இல் ராமசாமியின் மனைவி நாகம்மையாருடன் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நின்றவர். இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ராமசாமி எதிர்வழக்காடவில்லை. எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தார். தண்டனை வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தார். 1934 ஜனவரியில் தீர்ப்பு: அண்ணன், தங்கை இருவருக்கும் சிறை, அபராதம்.

கோவைச் சிறையில் ராஜாஜியும் அப்போது கைதியாக இருந்தார், சட்டமறுப்புக்காக. அரசியலில் பிரிந்துபோன பழைய நண்பர்கள் இருவரும் சர்க்கார் செலவில் சந்தித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு வேறு கதை. பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ நூலை மொழிபெயர்த்த ஜீவானந்தமும், வெளியிட்ட ராமசாமியின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதானபோது, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரச் சொன்னவர் இதே ராமசாமி. கோவையில் வாதாடாமல் ஜெயிலுக்குப் போனவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.