சுத்தியலின் இரண்டு வேலைகள்: ஜாம்பி விளையாட்டுகளில் கருவியும் ஆயுதமும்

ஜாம்பி விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்குகின்றன. அந்த வகைமையின் உண்மையான சிக்கல் சுத்தியலில் இருக்கிறது. ‘புராஜெக்ட் ஸொம்பாய்டு’ விளையாட்டில் ஒரு வீட்டின் சன்னல்களைப் பலகை அடித்து மூட சுத்தியல் வேண்டும். கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பிணத்தை வீழ்த்தவும் அதே சுத்தியல் பயன்படும். ஆனால் தலையில் விழும் ஒவ்வொரு அடியும் அதன் ஆயுளைக் குறைக்கக்கூடும். அது உடைந்துபோனால் மறுநாள் சன்னலை அடைக்க ஏதும் இராது. வடிவமைப்பாளர்கள் ‘சமன்’ என்று குறிப்பிடும் பிரச்சினை, அதாவது எந்த ஆயுதமும் மற்றவற்றைத் தேவையற்றதாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கலை, இங்கே சேத எண்களைக் கூட்டிக் குறைப்பதால் மட்டும் தீர்வதில்லை. ஒரு கருவிக்கு இரண்டு வேலைகள் இருப்பதால் அதன் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

இந்தத் தீர்வுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அது கணினிக்கு வெகுகாலம் முந்தையது. கரும்புத் தோட்டத்தில் தொடங்குவது.

ஹெய்தியின் நாட்டார் நம்பிக்கையில் ஜாம்பி எவரையும் கடிப்பதில்லை, துரத்துவதுமில்லை. அது உழைக்கிறது. சாவுக்குப் பிறகும் ஓய்வு மறுக்கப்பட்டு, இன்னொருவரின் வயலில் கூலியின்றி வேலை செய்யும் உடல் அது. அங்குள்ள மக்கள் அஞ்சியது ஜாம்பியிடம் அகப்படுவதை அன்று, தாமே ஜாம்பியாக்கப்படுவதை. 1791 முதல் 1804 வரை அடிமைகள் போராடி விடுதலை பெற்ற ஒரு நாட்டில் அந்த அச்சம் எதன் நினைவு என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த எழுச்சியில் தோட்டங்கள் எரிந்தன. கரும்பு வெட்டிய கத்திகளே போர்க்கருவிகளாயின. கருவி ஆயுதமாக மாறிய அந்தக் கணத்தில் அதைப் பிடித்திருந்தது உழைப்பாளியின் கை.

1915 முதல் 1934 வரை ஹெய்தி அமெரிக்காவின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அக்காலத்தில், 1929 இல் வெளியான வில்லியம் சீபுரூக்கின் ‘தி மேஜிக் ஐலண்டு’ என்ற பயண நூல் ஜாம்பியை அமெரிக்க வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது. அதிலும் ஜாம்பிகள் வருவது ஓர் அமெரிக்கச் சர்க்கரை நிறுவனத்தின் கரும்பு வயல்களுக்கு வேலையாட்களாகத்தான். 1932 இன் ‘ஒயிட் ஸோம்பி’ திரைப்படத்தில் அவர்கள் சர்க்கரை ஆலையைச் சுற்றுகிறார்கள். ஒருவன் அரவைக்குள் விழுகிறான். மற்றவர்கள் நடை தளராமல் தொடர்கிறார்கள். படம் மொத்தத்தில் சாதாரணமானதுதான். ஆனால் அந்த ஒரு காட்சி, களைப்பே அறியாத உழைப்பு எவ்வளவு கொடூரமானது என்பதை எந்த வசனமும் இன்றிச் சொல்லிவிடுகிறது.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ 1968 இல் வந்தபோது தோட்டமும் முதலாளியும் மறைந்துபோயினர். பிணங்கள் யாருக்காகவும் உழைக்கவில்லை; அவை தின்ன வந்தன. பின்னாளைய விளையாட்டுகள் கடன்வாங்கிய பொருட்கள் அனைத்தும் அந்தப் பண்ணைவீட்டில் இருந்தன. பென் என்னும் கறுப்பின இளைஞன் டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் பிணங்களை வீழ்த்துகிறான். பிறகு மேசையைப் பிரித்து, ஆணியும் சுத்தியலும் தேடி, சன்னல்களை அடைக்கிறான். படத்தின் கணிசமான பகுதி தச்சு வேலையிலேயே கழிகிறது. பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் படம் பொதுவுடைமையானதும், அந்தப் பண்ணைவீட்டை எவரும் எடுத்தாளலாம் என்ற நிலைமைக்கு ஒரு காரணம்.

ஆனால் விளையாட்டுகள் கடன்வாங்காமல் விட்டுவிட்ட ஒன்றும் அப்படத்தில் உண்டு. ரொமேரோவின் பிணங்களுக்கும் கருவி தெரியும். கல்லறைத் தோட்டத்தில் தோன்றும் முதல் பிணமே கல்லெடுத்துக் காரின் கண்ணாடியை உடைக்கிறது. நிலவறையில் இறந்து எழும் சிறுமி தன் தாயைக் கொல்வது கொத்தனார் கரண்டியால். 1985 இன் ‘டே ஆஃப் த டெட்’ படத்தில் பப் என்ற பிணம் சவரக்கத்தியையும் தொலைபேசியையும் நினைவுகூர்கிறது. ரொமேரோவுக்குக் கருவி மனிதர்களின் தனியுரிமை அன்று. வேலையின் பழக்கம் சாவைத் தாண்டியும் கையில் தங்கியிருக்கும் என்பதே அவர் கண்ட திகில். வணிக விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த இழையை அறுத்து, கருவியை முழுவதுமாக உயிரோடிருப்பவனின் பையில் போட்டுவிட்டன. கருவி ஒரு பக்கத்தாருக்கே சொந்தமானதும், அந்தப் பக்கம் அளவுக்கு மீறி வலுப்பெறாமல் தடுப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது.

1996 இல் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ அந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோயிற்று. அதில் கத்தி உண்டு. ஆனால் அதை நம்பி ஜாம்பியை நெருங்குபவன் கடிபடுவான். தோட்டாப் பஞ்சம்தான் அந்த விளையாட்டின் உயிர்நாடி. கத்தி வலுவாக இருந்தால் பஞ்சம் பொருளிழக்கும். ஆகவே கத்தி வலுவற்றதாக்கப்பட்டது. போதாதென்று, வரையறுக்கப்பட்ட பையில் அது ஓரிடத்தையும் அடைத்துக்கொண்டது. இது சமன் அன்று, ஒதுக்கிவைத்தல்.

2006 இன் ‘டெட் ரைசிங்’ நேர் எதிர்த்திசையில் சென்றது. வணிக வளாகத்தில் கையில் அகப்படும் எதையும் எடுத்து அடிக்கலாம். எல்லாம் சில அடிகளில் உடையும். உடைந்தால் அடுத்த கடையில் வேறொன்று கிடைக்கும். தேய்மானம் என்ற கணக்கு இங்கே தண்டனையாக அன்றி நுகர்வுக்கான தூண்டுதலாகச் செயல்பட்டது. வளாகத்தில் கிடைக்கும் சில புத்தகங்களைச் சுமந்துகொண்டால் குறிப்பிட்ட வகை ஆயுதங்கள் நெடுநேரம் உழைக்கும். பொருத்தமான புத்தகங்களோடு சிறிய இயந்திர ரம்பத்தைச் சேர்த்துக்கொண்ட ஆட்டக்காரர்களுக்கு மற்ற ஆயுதங்கள் அனைத்தும் ஏறக்குறையத் தேவையற்றுப்போயின. கருவிக்குக் கொல்வதைத் தவிர வேறு வேலை இல்லாதபோது, அதிக நேரம் கொல்வதே சிறந்த கருவி.

2009 இன் ‘லெஃப்ட் 4 டெட் 2’ தேய்மானத்தையே கைவிட்டது. கோடரி, வறுசட்டி, கிரிக்கெட் மட்டை, மின்கித்தார் எதுவும் உடையாது. எதை வீசினாலும் சாதாரணத் தொற்றாளர்கள் ஓரடியில் விழுவார்கள். எடுப்பவர் கைத்துப்பாக்கியை இழக்க வேண்டும் என்பதே விலை. அந்தக் கைத்துப்பாக்கியில் தோட்டா தீராது என்பதால் விலை உண்மையில் தொலைவுதான்: எட்டி நின்று சுடும் வசதியை விட்டு நெருங்கிச் செல்ல வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் நின்றுபோகும் இயந்திர ரம்பம் மட்டும் விதிவிலக்கு. நால்வர் விரைந்து ஓடும் ஆட்டத்துக்கு இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் இங்கே கோடரிக்கும் மட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஓசையிலும் வீச்சிலும் அடங்கிவிடுகிறது. கோடரி மரம் வெட்டுவதில்லை. கருவி தன் தொழிலை இழந்து வெறும் வடிவமாக எஞ்சுகிறது.

தொழில் திரும்பி வந்தது 2013 இல் எனலாம். அவ்வாண்டு வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் ஒட்டுநாடாவும் உடைந்த கத்தரிக்கோலும் கொண்டு செய்யப்படும் குத்துக்கத்தி ஒன்று உண்டு. பூட்டிய சில அறைகளைத் திறக்க அது வேண்டும். பூஞ்சையால் உருக்குலைந்து ஓசையால் வழியறியும் கொடிய எதிரியைப் பின்னிருந்து கொல்லவும் அதுவே வேண்டும். அறையைத் திறந்தால் கத்தி முறியும். உள்ளே மருந்தும் தோட்டாவும் இருக்கலாம். கதவு ஒன்றைத் திறந்ததும் கத்தி முறிவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்த ஒவ்வாமைதான் ஆட்டக்காரரைக் கதவின் முன் நின்று எண்ணவைக்கிறது. 2020 இன் தொடர்ச்சியில் எல்லியிடம் முறியாத மடக்குக் கத்தியும், ஆபியிடம் செய்து செய்து தீரும் குத்துக்கத்தியும் தரப்பட்டன. ஒரே உலகில் இரு பெண்களுக்கு இருவேறு பொருளியல். பாத்திரப் படைப்பைச் சமன் எண்களாலேயே எழுத முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

அதே 2013 நவம்பரில், முன்பே 2011 முதல் உருப்பெற்றுவந்த ‘புராஜெக்ட் ஸொம்பாய்டு’ ஸ்டீம் தளத்துக்கு வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ‘தி இண்டி ஸ்டோன்’ என்னும் சிறு குழுவின் ஆக்கம் இது. 1993 இன் கெண்டக்கி மாநிலத்தில், நாக்ஸ் என்ற கற்பனை மாவட்டத்தில் நிகழ்கிறது. இது ஆட்டக்காரரின் சாவைப் பற்றிய கதை என்று தொடக்கத்திலேயே அறிவிப்பதால் வெற்றி என்ற ஒன்று இல்லை. எத்தனை நாள் என்பதே கேள்வி. துப்பாக்கி உண்டு, ஆனால் ஒவ்வொரு வெடியோசையும் சுற்றுவட்டப் பிணங்களை அழைத்துவரும். ஆகவே கைக்கருவிகள் இங்கே கடைசிப் புகலிடமல்ல, அன்றாடம்.

2021 டிசம்பரில் நிலைபெற்ற 41 ஆம் பதிப்பின் ஏற்பாட்டைச் சற்று விரிவாகக் காண வேண்டும். கோடரி வலுவாக வெட்டும், மரமும் சாய்க்கும், ஆனால் மரம் வெட்டுவதும் அதைத் தேய்க்கும். குரோபார் எனப்படும் நெம்புகம்பி அவ்வளவு வலுவாக அடிக்காது. ஆனால் எளிதில் தேயாது. மரக்கிளையைச் சீவிச் செய்யும் ஈட்டி மிகுந்த சேதம் விளைவித்துச் சீக்கிரமே ஒடியும்; காடு இருக்கும்வரை ஈட்டிக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். மரப்பசையாலும் ஒட்டுநாடாவாலும் பழுதுபார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பயன் குறையும். பராமரிப்பு என்பதே தனித் திறனாக வளர்கிறது. இவற்றில் எது ‘சிறந்தது’ என்ற விவாதம் ஆட்டக்காரர்களிடையே ஓயாததற்குக் காரணம், விடை வேலையைப் பொறுத்து மாறுவதே. சமையலறைக் கத்தியோடு சிக்கிக்கொண்டவருக்கும் மதில் எழுப்பி முடித்தவருக்கும் ஒரே கோடரி ஒரே பொருளாக இருப்பதில்லை.

கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையே கோடு கிழிப்பது சட்டத்துக்கும் எளிதாக இருந்ததில்லை. இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கூர்முனை கொண்டவற்றையும் ஆயுதம் என வரையறுத்துவிட்டு, வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே உருவாக்கப்பட்டவற்றை விலக்குகிறது; அதற்கு எடுத்துக்காட்டாக லத்தியைக் கூறுகிறது. காவலர் கையில் அதைக் கண்டு பழகிய நாட்டில் இந்த எடுத்துக்காட்டு சிறு புன்னகைக்கு உரியது. பொருள் எதற்காக உருவாக்கப்பட்டது என்று சட்டம் கேட்கிறது. யார் கையில் எந்த நேரத்தில் இருக்கிறது என்று விளையாட்டு கேட்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் தேய்மானக் கணக்கில் ஒரு பொய் உண்டு. நல்ல கோடரி இருபது முப்பது அடிகளில் உடைவதில்லை. அதற்கு நெடுநேரம் முன்பே தோள் ஓய்ந்துவிடும். விறகு பிளந்தவர் எவரும் இதை அறிவர். விளையாட்டுகள் உடலின் செலவைக் கருவியின் கணக்கில் எழுதிவந்தன. உடைவது கண்ணுக்குத் தெரியும், களைப்பு தெரியாது என்பதால் அது வசதியாகவும் இருந்தது. ஸொம்பாய்டில் மூச்சிரைப்பு முன்பே இருந்தது. களைத்தவரின் அடி வலுவிழக்கும். ஆனால் சிறிது நேரம் உட்கார்ந்தால் அது தீர்ந்துவிடும். 2024 டிசம்பரில் சோதனை வடிவில் வெளியான 42 ஆம் பதிப்புதான் கருவியை வீசும் தசைகளில் சேர்ந்து தங்கும் நோவைப் புகுத்தியது. பிணக்கூட்டத்தைத் தனியொருவராகச் சாய்த்தவர் அடுத்து வெகுநேரம் கையைத் தூக்கச் சிரமப்பட வேண்டியதாயிற்று.

ஆட்டக்காரர்களில் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். விளையாட்டு மந்தமாகிவிட்டது, கேளிக்கை வேலையாகிவிட்டது என்பது அவர்கள் குறை. முதல் வடிவத்தில் நோவின் அளவு மிகையாக இருந்தது என்ற வாதத்தில் உண்மை உண்டு. உருவாக்குநர்களும் பின்னர் அதைத் திருத்தினர். ஆயினும் வரலாற்று நோக்கில் அந்தப் பதிப்பு ஒரு முக்கியமான இடத்தைத் தொட்டது. ஹெய்தியின் வயலிலும் 1932 இன் ஆலையிலும் ஜாம்பியை ஜாம்பியாக்கியது களைப்பின்மை. நாக்ஸ் மாவட்டத்துப் பிணங்களும் களைப்பதில்லை. இரவெல்லாம் கதவைத் தட்டும். கோடரியை ஓயாமல் வீசக்கூடிய ஆட்டக்காரர் அவற்றோடு ஒத்த உடல் கொண்டவர். தோள் வலிக்கும்போதுதான் இரு தரப்புக்கும் வேறுபாடு எண்ணில் பதிவாகிறது.

திருத்தக் குறிப்புகளை வெறும் தொழில்நுட்ப அறிவிப்புகளாகக் கருதாமல் ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சர்ச்சை ஒன்றே போதும். உழைப்பின் விலை எதன்மேல் எழுதப்படுகிறது, கருவியின்மேலா உடலின்மேலா என்ற பேரம் அங்கே பொதுவெளியில் நடக்கிறது; ஆனால் புதிய பதிப்பு வந்ததும் பழைய எண்கள் எளிதில் மறக்கப்படுகின்றன. நிறுவனங்களின் அறிவிப்புகளைச் சேமித்துவைக்கும் பொறுப்பை இதுவரை பெரும்பாலும் ஏற்றவர்கள் ஊதியமின்றி விக்கிகளைத் தொகுக்கும் ஆட்டக்காரர்களே.

இன்று அந்த விளையாட்டின் தனிப்பயன் அமைப்பில் தசைநோவுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சுழியத்தில் வைத்தால் நோவே இராது. ஆட்டம் தொடங்கும் முன், ஊரில் எத்தனை பிணங்கள் வேண்டும், மின்சாரம் எப்போது நிற்க வேண்டும் என்ற கேள்விகளோடு அதுவும் கேட்கப்படுகிறது. தொடங்கியபின் தெருவில் வரும் பிணங்கள் தீயணைப்பாளர், சமையலாளர், கட்டடத் தொழிலாளி எனத் தத்தம் வேலையுடையிலேயே வருகின்றன. சிலவற்றின் முதுகில் யாரோ செருகிய கத்தியோ கோடரியோ நின்றுகொண்டிருக்கும். வீழ்த்திய பின் அதை உருவி எடுத்துக்கொள்ளலாம்.