மௌலா அலி அடிவாரத்து நந்தவனம்

வந்து குடியேறிய ஊரையும் தம் ஊராகவே எண்ணி வாழ்தல் தமிழர் பண்பு. அங்ஙனம் எண்ணுவோர் அவ்வூரின் பழமையையும் அறிதல் வேண்டுமன்றோ? நாச்சாரத்தில் வாழும் நாம் அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமக்கு வடபால் நிற்கும் மௌலா அலி குன்றின் அடிவாரத்திலேயே ஒரு பெண்மணி அமைத்த மதில் சூழ்ந்த தோட்டமும் கட்டடங்களும் உள்ளன.

அவர் மஹ் லகா பாய் சந்தா. 1768இல் பிறந்த இவர், இரண்டாம் நிஜாமாகிய நிஜாம் அலி கானின் அவையில் ஆடல், இசை, உருதுக் கவிதை ஆகியவற்றால் உயர்ந்தவர். ஆண் உடை தரித்து நிஜாமின் போர்ப் பயணங்களிலும் உடன் சென்றார் என்பர். 1799இல் தம் கவிதைச் சுவடி ஒன்றை ஆங்கில அதிகாரி ஜான் மால்கமுக்கு அளித்தார். அஃது இன்று லண்டனில் உள்ளது. அதே நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் காவியம் பாடியதை அறிந்த நமக்கு, இவர் அயலாராகத் தோன்றார்.

கலையால் வந்த பெருமை நிலமாகவும் அவரை அடைந்தது. அவர் பெற்ற ஜாகீர்களுள் அடிக்மெட் ஒன்று. 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் வளாகம் பின்னர் அந்நிலப் பரப்பிலேயே எழுந்தது. நம் பிள்ளைகள் பலர் பயிலும் மண் ஒரு புலவரின் உடைமையாக இருந்தது என்பது மகிழத்தக்கதே.

ஆயினும் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்பது மௌலா அலித் தோட்டமே. அன்னை ராஜ் கன்வர் பாய் அவரைக் கருவுற்றிருந்தபோது இக்குன்றில் இடர் நேர்ந்ததென்றும், குன்றின் திருத்தலத்து அருளால் கரு பிழைத்ததென்றும் கூறுவர். 1792இல் அன்னைக்கு அவ்வடிவாரத்திலேயே சமாதி எழுப்பினார் மகள். நான்கு பகுதியாக வகுத்த தோட்டம், நுண்ணிய சுதை வேலைப்பாடு, பள்ளிவாசல், கிணறு ஆகியவை அங்கே அமைந்தன. 1824இல் மறைந்த அவரும் அன்னையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

பின்னர் நீண்ட காலம் அவ்விடம் கவனிப்பாரற்றுச் சிதைந்தது. 2010இல் அமெரிக்க அரசின் பொருளுதவியோடு சீரமைப்புத் தொடங்கியது. கடல் கடந்தோர் கைகொடுத்த இடத்தை, கூப்பிடு தொலைவில் வாழும் நாம் காணாதிருத்தல் தகுமோ?

ஜாகீர்கள் கைமாறின, மகள் தாய்க்குச் செய்தது எஞ்சியது. ஒரு விடுமுறை நாளில் நம் சிறாரை அங்கு அழைத்துச் சென்று இதனைச் சொல்வோமாக. அப்போதுதான் நாச்சாரம் அவர்களுக்கு வெறும் முகவரியாக இராது, சொந்த ஊராகும்.