ரோமானியர் எழுதிய எண்கள்

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதட்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இன்று நாம் பார்க்கப் போகும் எண்களுக்குக் கோடு கிழிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். என் தாயார் இரண்டு பசுக்கள் வைத்திருந்தார். விடியுமுன் பால் கறந்து, லயத்து வீடுகளுக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மரம் வெட்டப் போவார். கணக்கெல்லாம் எங்கள் குசினிச் சுவரில். ஒரு போத்தலுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. நான்கு கோடு சேர்ந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்துப் போடுவார். ஒரு மாதம், ஒரு வீட்டார் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, வாங்கியது இருபத்திரண்டு போத்தல்தான் என்றார்கள். சுவரில் இருந்தது இருபத்தெட்டு. நோட்டில் இருந்தது எண். சுவரில் இருந்ததோ வெறும் கோடு. ஆகவே நோட்டுத்தான் வென்றது. ஆறு போத்தல் காசு போயிற்று. காசு போனதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். "கைநாட்டுக்குக் கணக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பாதி உலகத்தை ஆண்டதாகப் பெருமை பேசிய ரோமானியர்கள் எண் எழுதத் தொடங்கியதும் இதே கோட்டிலிருந்துதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. ஆங்கில எழுத்து ஐ போல நிமிர்ந்து நிற்கும் கோடு அது. ஐந்து வந்ததும் வி எழுத்தைப் போன்ற வடிவம், பத்துக்கு எக்ஸ். விரித்த கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் வி ஆயிற்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொள்வது வேறு விளக்கம். ஆடுமாடு எண்ணுகிறவன் ஒரு குச்சியில் வெட்டு வெட்டாகப் போட்டுக்கொண்டே போவான். வெட்டுகள் பெருகினால் கண் தடுமாறும். அதனால் ஐந்தாவது வெட்டைச் சாய்த்துப் போட்டான், பத்தாவதைக் குறுக்கு நெடுக்காகப் போட்டான். பத்தின் குறியைப் பாதியாக வெட்டிப் பாருங்கள், ஐந்தின் குறி கிடைக்கும். ரோமானியருக்கு முன் இத்தாலியில் செழித்திருந்த எத்ருஸ்கர் என்ற மக்களும் இத்தகைய குறிகளையே வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஐந்து, வி எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும்.

ஆக, இவை முதலில் எழுத்துகளே அல்ல. பின்னால்தான் எழுத்தின் சாயலுக்கு வந்தன. ஐம்பதின் பழைய குறி கீழ்நோக்கிய அம்பு போல இருந்தது. நாளடைவில் தேய்ந்து எல் ஆயிற்று. ஆயிரத்துக்கு ஒரு வட்டம் போட்டு நடுவில் நெடுங்கோடு இழுத்தார்கள். அதில் வலப்பக்கப் பாதியை மட்டும் எடுத்தால் டி போலத் தெரிகிறதல்லவா? ஆயிரத்தில் பாதி ஐந்நூறு. ஆகவே டி ஐந்நூறு. நூறுக்கு லத்தீன் மொழியில் செந்தும், ஆயிரத்துக்கு மில்லே. அந்தச் சொற்களின் முதலெழுத்தான சி நூறாகவும், எம் ஆயிரமாகவும் நிலைத்துவிட்டன.

பிள்ளைகளே, இப்போது எழுதுங்கள். ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம். ஏழே ஏழு குறிகள். பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னாலும் எழுதினால் கூட்டிக்கொள்ள வேண்டும். சிறியது பெரியதற்கு முன்னால் நின்றால் கழிக்க வேண்டும். வி, அதன்பின் ஐ என்றால் ஆறு. ஐ, அதன்பின் வி என்றால் நான்கு.

இந்தக் கழித்தலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது தொண்ணூற்றொன்பதுக்கு ஐ, சி என்று எழுதிவைத்தேன். நூறில் ஒன்று குறைந்தால் தொண்ணூற்றொன்பதுதானே என்பது என் வாதம். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தார். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் இதுதான்: ஐ என்பது வி, எக்ஸ் இரண்டுக்கு மட்டுமே முன்னால் வரலாம். எக்ஸ் என்பது எல், சி ஆகியவற்றுக்கு முன்னால் வரலாம். சி என்பது டி, எம் ஆகியவற்றுக்கு முன்னால் வரலாம். எனவே தொண்ணூறு தனி, ஒன்பது தனி. எக்ஸ் சி, ஐ எக்ஸ் என்று எழுதவேண்டும்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கண்டிப்பு பிற்காலத்தார் வைத்தது. ரோமானியரே இதற்குக் கட்டுப்படவில்லை. கி.பி. 80 ஆம் ஆண்டில் ரோம் நகரில் திறக்கப்பட்ட கொலோசியம் என்ற பெரிய விளையாட்டரங்கத்தில் எண்பது வாயில் வளைவுகள். அவற்றில் எழுபத்தாறுக்கு மேலே எண் செதுக்கினார்கள். நாற்பத்து நான்காம் வாயிலில் இருப்பது எக்ஸ் எல், பிறகு நான்கு கோடுகள். நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல்! ஒரே கல்லில் இரண்டு முறையும் இருக்கின்றன. சுவர்க் கடிகாரங்கள் பலவற்றில் நான்கு மணிக்கு நான்கு கோடு போட்டிருப்பதைப் பார்த்து, தப்பாக எழுதிவிட்டான் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அது பழைய முறை. லண்டன் பாராளுமன்றத்துப் பெரிய கடிகாரத்தில்தான் ஐ வி என்று இருக்கிறது.

இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கி.பி. 9 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் காட்டில் ரோமப் படையின் மூன்று பிரிவுகள் அடியோடு அழிந்தன. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்பன அவற்றின் எண்கள். அந்த எண்களை ரோமானியர் பிறகு எந்தப் படைப்பிரிவுக்கும் வைக்கவே இல்லை. அதில் மாண்ட மார்க்கஸ் கேலியஸ் என்ற படைத் தலைவனுக்கு அவனுடைய தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவன் ஒருவன், நினைவுக்கல் நாட்டினான். உடல் கிடைக்கவில்லை. எலும்புகள் கிடைத்தால் இங்கே வைக்கலாம் என்று கல்லிலேயே பொறித்துவிட்டான். பதினெட்டாம் படை என்பதை எக்ஸ், ஐ, ஐ, எக்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது இருபதில் இரண்டு குறைவு. வயது எல், மூன்று கோடு, பிறகு எஸ். ஐம்பத்து மூன்றரை. எஸ் என்பது அரைக்கு ரோமானியர் வைத்த குறி.

அந்த அரை என்னை விடுவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த ஒருவனுக்கு அரை வயதுகூட விடாமல் கணக்கு இருக்கிறது. 1942 முதல் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களில் எத்தனை பேருக்கு வயது எழுதிய கல் இருக்கிறது?

சரி, இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட முடியுமா? கூட்டலாம். இருபத்தேழையும் பதினாறையும் எழுதி, எழுத்துகளை ஒரே குவியலாக்குங்கள். மூன்று எக்ஸ், இரண்டு வி, மூன்று ஐ. இரண்டு வி சேர்ந்தால் ஓர் எக்ஸ். ஆக நான்கு எக்ஸும் மூன்று ஐயும். நாற்பத்து மூன்று. பெருக்கலுக்குப் போனால்தான் தலை சுற்றும். அதற்கு ரோமானியர் எழுத்தை நம்பவில்லை. கோடு போட்ட பலகையில் கூழாங்கற்களை நகர்த்திக் கணக்கிட்டார்கள், நம் பெண்கள் பல்லாங்குழியில் சோழி நகர்த்துவது போல. சிறு கல்லுக்கு லத்தீனில் கால்குலஸ் என்று பெயர். கால்குலேட்டர் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

நம் பழைய தமிழ் எண்களிலும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. ஆனால் முந்நூறுக்கு ரோமானியன் சி எழுத்தை மூன்று முறை எழுத, தமிழன் ௩௱ என்று இரண்டே குறியில் முடித்தான். மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆம் ஆண்டைத் தமிழில் ௲௯௱௫௰௭ என்று எழுதுவோம். ரோமானிய முறையில் எம், சி எம், எல், வி ஐ ஐ. பிள்ளைகள் எழுதிச் சரிபாருங்கள். பிறகு 1888 ஐயும் எழுதிப் பாருங்கள். பதின்மூன்று எழுத்து வந்தால் சரி.

இரண்டு முறையிலும் இல்லாதது பூஜ்யம். அதை இடத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் எண்களோடு சேர்த்து உலகுக்குத் தந்தது இந்தியா. கி.பி. 628 இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்துக்குக் கணக்கு விதிகள் எழுதினார். நம் தென்கிழக்காசியப் பக்கமும் அது விரைவிலேயே வந்துவிட்டது. கம்போடியாவில் கிடைத்த, கி.பி. 683 ஐச் சேர்ந்த கல்வெட்டில் சக ஆண்டு 605 என்பதன் நடுவே ஒரு புள்ளி பூஜ்யமாக நிற்கிறது. மேற்கே, பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த முறையை விளக்கி நூல் எழுதினார். 1202 இல் பீசா நகரத்து லியோனார்டோ தம் நூலின் வழியே ஐரோப்பிய வணிகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1299 இல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுச் சங்கம், கணக்கேட்டில் இந்தப் புது எண்கள் கூடாது என்று விதி செய்தது. பூஜ்யத்துக்கு ஒரு வால் இழுத்தால் ஆறாகிவிடும், ஏமாற்றுவது எளிது என்ற பயம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. காசோலையில் தொகையை எண்ணால் மட்டுமன்றி எழுத்தாலும் எழுதுகிறோமே, எதற்கு? ஆகவே கடன் பத்திரம், ரசீது எதுவானாலும் எழுத்தால் எழுதிய தொகையையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கைநாட்டு வையுங்கள்.

கணக்கேட்டிலிருந்து ரோமானிய எண்கள் ஒதுங்கினாலும் மரியாதைக்குரிய இடங்களில் இன்னும் இருக்கின்றன. நம் மாமன்னர்களின் வரிசை எண்ணை அப்படித்தான் எழுதுகிறார்கள். 2024 இல் பதவியேற்ற பதினேழாவது மாமன்னருக்கு எக்ஸ், வி, ஐ, ஐ.

அம்மாவின் இருபத்தெட்டு போத்தலை எப்படி எழுதுவது? எக்ஸ் எக்ஸ் வி ஐ ஐ ஐ. அந்தச் சண்டைக்குப் பிறகு அம்மா சுவரை விடவில்லை, ஆனால் ஒரு நோட்டும் வாங்கினார். மாதக் கடைசியில் விளக்கைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணுவார், நான் எழுதுவேன். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்ப்பார். அதன் பிறகுதான் ஈரத் துணியால் சுவரைத் துடைப்பார்.