மேஜைப் பைத்தியம்

திருப்பூரில் யாரிடமாவது 'ஷேடு வேரியேஷன்' என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும். பையர் ஓகே செய்த நிறம் ஒன்று, சாயப்பட்டறையிலிருந்து வந்த லாட்டின் நிறம் இன்னொன்று என்றால் தீர்ந்தது கதை! பனியனின் உடம்புக்கும் கைக்கும் இடையே கடுகளவு வித்தியாசம் தெரிந்தாலும் ரிஜெக்ட்தான்.

இதே வித்தியாசத்துக்குக் காசைக் கொட்டிக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பூல், பில்லியர்ட்ஸ் ஆடப் பயன்படும் நீளமான கோலைப் பார்த்திருப்பீர்கள். 'கியூ' என்பார்கள். விலை உயர்ந்த கியூ சிலவற்றின் பிடியைக் கவனித்தால், தேன் நிறமும் ரத்தச் சிவப்பும் கறுப்பு வரிகளுமாக மரம் சுழித்துக்கொண்டிருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இருந்தால் மதிப்பில்லை!

அது மரத்தின் கழலை. காயம் பட்டோ, பூஞ்சை தாக்கியோ, மரத்தின் உடம்பில் கட்டி போலப் புடைத்துக்கொள்ளும். துளிர்க்க நினைத்துத் துளிர்க்க முடியாமல் போன மொட்டுகள் நூற்றுக்கணக்கில் அதற்குள் அடைந்து கிடக்கும். நேராக ஓடவேண்டிய நார்கள் அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். அறுத்தால் ஒவ்வொரு மொட்டும் ஒரு கண். வைரம் பாயும்போது மரம் தேக்கிவைக்கும் சாயப் பொருள்கள் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. நார் திரும்புகிற பக்கமெல்லாம் வெளிச்சமும் வேறு மாதிரி விழும். கியூ செய்பவர்கள் விரும்பும் 'அம்பாய்னா' கழலை, நம் மலைகளில் உள்ள வேங்கையின் நெருங்கிய உறவு மரத்தில் வருவது. இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து வந்த பெயர் அது.

சரி, இந்தப் பித்து இன்று நேற்று தொடங்கியதா என்ன? ரோமுக்குப் போவோம்.

வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் ஒருவகை ஊசியிலை மரம் உண்டு. அதன் கழலையில் செய்த மேஜை என்றால் ரோமானியப் பணக்காரர்களுக்கு உயிர். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது இறந்துபோன பிளினி, தன் நூலில் இதை விலாவாரியாகச் சொல்கிறார். வரிகள் நீளமாக ஓடினால் அது 'புலி'. சுருண்டு சுழித்தால் 'சிறுத்தை'. மயில்தோகைக் கண்கள் போல இருந்தால் மதிப்பு இன்னும் கூடும். எல்லாவற்றையும்விட நிறம்தான் முக்கியமாம். தேன் கலந்த திராட்சை மதுவின் நிறம் இருந்தால் அடித்துக்கொள்ள ஆளில்லை.

பெரிய பேச்சாளர் சிசரோ இப்படி ஒரு மேஜையை வாங்கினார். விலை 5 லட்சம் செஸ்டர்ஸ். ஜூலியஸ் சீசர் சம்பளத்தை உயர்த்திய பிறகும் ஒரு சாதாரணப் படைவீரனுக்கு ஆண்டுக்கு 900 செஸ்டர்ஸ்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஐந்நூற்றைம்பது ஆண்டுச் சம்பளம், ஒரு மேஜைக்கு!

இதில் வேடிக்கையும் உண்டு. மனைவி முத்துக்குச் செலவழிக்கிறாள் என்று கணவன் திட்டினால், "உங்க மேஜைப் பைத்தியம் மட்டும் என்னவாம்?" என்று அவள் திருப்பிக் கேட்பாளாம். அன்று ரோமுக்குப் போன முத்துகளில் நம் பாண்டியக் கடலில் மூழ்கி எடுத்தவையும் உண்டு. திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம் பக்கத்துப் படியூரின் பெரில் கற்களும் ரோமானியர் கைக்குப் போயின என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆக, அந்த வீட்டுச் சண்டையில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

சண்டையில் தோற்றது மரம். மண்ணுக்குள் வேரில் விளைந்த கழலைக்குத்தான் அதிக மவுசு. அதை எடுக்க மரத்தையே தோண்டிச் சாய்க்க வேண்டும். மிகச் சிறந்த மரம் கொடுத்த அன்கொராரியஸ் என்ற மலை, தன் காலத்திலேயே வெறுமையாகிவிட்டது என்று பிளினி எழுதிவிட்டார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். திருப்பூரிலிருந்து அண்ணாந்து பார்க்கிற தூரத்தில் நீலகிரி. 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பிற்காலத்துப் பிரதமர் அல்ல, இவர் வேறு ஆள்) உருவாக்கிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. ஸ்னூக்கர் கியூவின் பிடிக்குக் காலம்காலமாகக் கருங்காலிதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம்.

அந்தக் கருங்காலிக்கு இலங்கையில் ஓர் உறவுக்கார மரம் உண்டு. ஆங்கிலேயர் 'காலமாண்டர்' என்றார்கள், சிங்களத்தில் 'கலு மெதிரிய'. முழுக் கறுப்பாக இல்லாமல் பழுப்பில் கறுப்பு வரி ஓடும். அந்த வரிதான் அதற்கு எமன். டச்சுக்காரர்கள் வெட்டினார்கள், அப்புறம் ஆங்கிலேயர்கள் வெட்டினார்கள். மறுபடி நட யாருக்கும் தோன்றவில்லை. இலங்கை அரசில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859-இல் புத்தகம் எழுதும்போதே அது மிக அரிதாகிவிட்டிருந்தது. ஒரே நிறமாக, சாதுவாக இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ!

இப்போது கியூ செய்பவர்களில் சிலர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மேப்பிள் போன்ற வெளிறிய மரங்களின் கழலையை எடுத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, சாயம் கலந்த பிசினை ஏற்றுகிறார்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று கேட்ட நிறம் கிடைக்கும். அதாவது, மரமும் சாயப்பட்டறைக்கு வந்துவிட்டது. ஆனால் நார் இறுகிய இடத்தில் சாயம் குறைவாகவும், தளர்ந்த இடத்தில் அதிகமாகவும் ஏறுவதால், ஒரே தொட்டியில் போட்ட இரண்டு கட்டைகள்கூட ஒரே ஷேடில் வருவதில்லை. திருப்பூராக இருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வந்திருக்கும்.