கணப்பு மாறிய கதை

டில்லிக் குளிருக்கு காஸ் ஹீட்டர் தேடும் நம் மக்களுக்கு ஒரு லண்டன் கதை.

அங்கே வீட்டுக்கு வீடு நிலக்கரிக் கணப்புதான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை ஊரையே நச்சுப்புகை மூடியது. செத்தவர்கள் 4,000 பேர் என்றது அன்றைய கணக்கு. பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக்குத் தடை போட்ட வட்டாரங்களில், கணப்பை மாற்றும் செலவில் 10-ல் 7 பங்கை நகராட்சி திருப்பிக் கொடுத்தது. வங்கிக்காரனான எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்!

கரி போய் காஸ் வந்தது. புகைபோக்கி மட்டும் போகவில்லை. காஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும்.

இங்கே கடையில் பார்த்த சிலிண்டர் ஹீட்டர்களுக்குப் புகைபோக்கியே கிடையாது. எங்கள் 10-க்கு 10 அறைக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேட்டர்தான் வாங்கினேன். கரண்ட் பில் ஏறும். ஏறட்டும்.