மெக்சிகோச் சலவைத்தூளும் பாஸ்பேட்டும்: ஒரு தடையின் வரலாறு

லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ, சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களில் மெக்சிகோவிலிருந்து குடியேறியோர் நடத்தும் மளிகைக் கடைகளில் ரோமா, ஃபோக்கா, ஏரியல் என்னும் பெயர்களைத் தாங்கிய சலவைத்தூள் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஃபோக்கா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கடல்நாய் என்று பொருள்; பையின் மீதும் அவ்விலங்கின் படமே இருக்கும். தாய்நாட்டின் மணத்தைத் தேடி இவற்றை வாங்குவோர் பலர். வேறொரு காரணத்துக்காகத் தேடி வருவோரும் உண்டு. அமெரிக்கத் தூள்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்ட பாஸ்பேட் இவற்றில் இன்னும் இருக்கிறது, ஆகவேதான் இவை நன்றாக வெளுக்கின்றன என்பது அவர்களுடைய எண்ணம்.

இந்த எண்ணம் சரியா, தவறா என்பது வேதியியல் வினாவாகத் தோன்றினாலும், விடை வரலாற்றில்தான் இருக்கிறது. ஒரு பொருள் ஏன் சேர்க்கப்பட்டது, எங்கே எப்போது நீக்கப்பட்டது, எங்கே நீக்கப்படாமல் விடப்பட்டது என்னும் மூன்றையும் அறிந்தால்தான் அந்தப் பையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலும்.

கடின நீரிலிருந்து தொடங்க வேண்டும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீரில் சோப்பு நுரைக்காது. அவ்வுப்புகளோடு சேர்ந்து கரையாத கசடாகித் துணியிலேயே படிந்துவிடும். வெண்ணிறத் துணி சில மாதங்களில் பழுப்பேறுவதற்கு இதுவே பெருங்காரணம். 1930-களில் செயற்கைச் சலவைப்பொருள்கள் கடைக்கு வந்தன. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1933-இல் வெளியிட்ட ட்ரெஃப்ட் கடின நீரிலும் கசடு உண்டாக்காமல் கரைந்தது. ஆயினும் அழுக்கேறிய வேலையுடுப்புகளை வெளுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அந்நிறுவனத்தின் ஆய்வாளர் டேவிட் பயர்லி பல்லாண்டுகள் விடாது முயன்று கண்ட தீர்வு சோடியம் டிரைபாலிபாஸ்பேட். சலவைப்பொருள் தொழிலில் ‘பில்டர்’ எனப்படும் துணைப்பொருள் இது. நீரின் கடினத்தன்மைக்குக் காரணமான உப்புகளைப் பிணைத்து வைக்கும். துணியிலிருந்து பிரிந்த அழுக்கு மீண்டும் துணியில் படியாமல் தடுக்கும். நீரின் காரத்தன்மையைச் சீராக வைத்திருக்கும். இதனைக் கொண்டு 1946-இல் வெளிவந்த டைட் சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் முதன்மைச் சலவைத்தூள் ஆயிற்று. 1960-களில் விற்பனையான தூள்கள் பலவற்றின் எடையில் 30 முதல் 50 விழுக்காடு வரை இந்த ஒரே பொருள்தான் இருந்தது.

வெளுத்து முடிந்த நீர் சாக்கடைக்கும், சாக்கடை நீர் ஆற்றுக்கும், ஆற்றுநீர் ஏரிக்கும் போயிற்று. அன்றைய கழிவுநீர் நிலையங்களில் பெரும்பாலானவை பாஸ்பரஸை நீக்கும் அமைப்பு இல்லாதவை. பாஸ்பரஸ் நஞ்சன்று, பயிருக்கு இடும் உரத்தின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. ஏரியில் சேர்ந்தபோதும் அது உரமாகவே வேலை செய்தது. பாசி பெருகியது, பெருகிய பாசி மடிந்து அழுகியபோது நீரிலிருந்த உயிர்வளி தீர்ந்தது, மீன்கள் மூச்சுமுட்டி இறந்தன. இந்நிலைக்கு அறிவியலாளர் வழங்கிய பெயரின் வேர், ‘நல்லூட்டம் பெற்றது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது. 1960-களின் இறுதியில் ஈரி ஏரியை ‘இறந்த ஏரி’ என்று இதழ்கள் எழுதின. உண்மையில் அது அளவுமீறி ஊட்டப்பட்ட ஏரி.

குற்றவாளி பாஸ்பரஸ்தானா என்பதில் அப்போது கடும் வழக்கு நிலவியது. பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது கார்பனே என்ற வாதம் சலவைப்பொருள் தொழிலுக்கு உகந்ததாக இருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், 1968-இல் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகளில் டேவிட் ஷிண்ட்லர் இதனைச் சோதித்தார். 1973-இல் 226 என்னும் எண்ணிட்ட ஏரியின் குறுகிய இடுப்புப் பகுதியில் நீர்புகாத் திரையொன்றைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இடப்பட்டன. ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டது. அப்பாதி பச்சைக் குழம்பாயிற்று. மறுபாதி தெளிந்தே இருந்தது. வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படம், பல நூறு பக்க அறிக்கைகள் செய்யாததைச் செய்தது. படிப்பறிவு எதுவும் தேவையின்றி எவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் சான்று அது.

அரசுகள் இதற்கு முன்பே அசையத் தொடங்கியிருந்தன. கனடா 1970-இல் சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு உச்சவரம்பு விதித்து, 1973-இல் அதனை மேலும் கடுமையாக்கியது. 1972 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனும் கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோவும் பேரேரிகளின் நீர்த்தரம் குறித்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அமெரிக்காவிலோ நாடு தழுவிய தடைச் சட்டம் எதுவும் பிறக்கவில்லை. பாஸ்பேட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட என்.டி.ஏ. என்னும் வேதிப்பொருள், உடல்நலம் குறித்த ஐயங்களால் 1970 இறுதியில் கைவிடப்பட்டது. வேறு சில மாற்றுத் தூள்கள் கடுங்காரம் மிக்கவை; குழந்தைகளின் கண்ணிலும் வாயிலும் பட்டால் புண்ணாக்கக்கூடியவை. 1971 செப்டம்பரில் நாட்டின் தலைமை மருத்துவ அலுவலர் ஜெசி ஸ்டைன்ஃபெல்டே இல்லத்தரசிகளைப் பாஸ்பேட் தூளுக்குத் திரும்புமாறு அறிவுறுத்த நேர்ந்தது. ஏரியைக் காக்கும் ஆர்வமும் குழந்தையைக் காக்கும் அச்சமும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு அது.

ஆகவே தடை மாநிலம் மாநிலமாக, நகரம் நகரமாக ஊர்ந்து சென்றது. இந்தியானா, நியூயார்க், மினசோட்டா, மிச்சிகன், விஸ்கான்சின் என முன்னே வந்தவை பெரும்பாலும் பேரேரிகளின் கரையில் உள்ள மாநிலங்கள். மெக்சிகோவை ஒட்டிய டெக்சாசும் கலிபோர்னியாவும் அந்த முன்வரிசையில் இல்லை. சிகாகோ நகரின் தடையை எதிர்த்துப் புராக்டர் அண்ட் கேம்பிள் தொடுத்த வழக்கு இவ்வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்துக்கு ஒரு நகராட்சி தடை போடலாமா என்பதே வழக்கு. கீழ்நீதிமன்றம் தடை செல்லாது என்றது; 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. சிகாகோ ஆறு 1900-லேயே திசைதிருப்பப்பட்டுவிட்டதால், அந்நகரின் கழிவுநீர் மிச்சிகன் ஏரிக்குப் போகாமல் இல்லினாய் ஆற்றுவழியே தெற்கே செல்கிறது. ஆக, சிகாகோ மக்கள் தங்கள் தூளை மாற்றிக்கொண்டதால் பயனடைந்தது கீழே வாழும் பிறருடைய நீர். சலவைத்தூளின் சந்தைக்கு ஓர் எல்லை, சட்டத்துக்கு வேறோர் எல்லை, நீருக்கு இவ்விரண்டையும் மதிக்காத தனி எல்லை என்பதை அவ்வழக்கு வெளிப்படுத்தியது.

இதற்கிடையில் மாற்றுப்பொருள்களும் தேறின. ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனம் வளர்த்தெடுத்த சியோலைட் என்னும் கனிமத்தூள் நீரின் கால்சியத்தை ஈர்த்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கும். 1986-இல் அந்நிறுவனத்தின் பெர்சில் தூள் பாஸ்பேட் இன்றி வெளிவந்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்து சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடைசெய்தது. ஜப்பானில் 1977-இல் பீவா ஏரி செந்நிறமாகியபோது, ஷிகா மாநிலத்துப் பெண்கள் பாஸ்பேட் தூளைக் கைவிட்டுச் சோப்புத்தூளுக்கு மாறும் இயக்கத்தை நடத்தினர்; 1979-இல் அம்மாநிலம் தடை விதியை இயற்றியது. அமெரிக்கத் தொழில்நிறுவனங்கள், மாநிலத்துக்கொரு கலவை செய்யும் தொல்லையைத் தாங்க மாட்டாமல், 1994 அளவில் நாடு முழுவதும் வீட்டுச் சலவைத்தூளிலிருந்து பாஸ்பேட்டைத் தாமாகவே நீக்கிவிட்டன.

மெக்சிகோவில் இத்தகைய தடைகளின் அலை எழவில்லை. அங்கே வீட்டுச் சலவை நெடுங்காலம் ‘லவதேரோ’வில் நடந்தது. வரிவரியாகப் பள்ளமிட்ட கல் அல்லது சிமென்ட்டுத் தேய்ப்புத் தளமும் அதை ஒட்டிய நீர்த்தொட்டியும் சேர்ந்ததே லவதேரோ. கையால் தேய்த்து வெளுப்போருக்குத் தூளின் ஒவ்வொரு கூறும் தோள்வலியோடு தொடர்புடையது. நீரை மென்மையாக்கும் பொருள் குறைந்தால் அதனை ஈடுசெய்ய வேண்டியது அவர்களுடைய கைதான். தொழிலின் அமைப்பும் இதற்குத் துணைநின்றது. பாஜா கலிபோர்னியா சுர் மாநிலத்தில் பாஸ்பேட் பாறை வெட்டியெடுக்கப்படுகிறது. வெராக்ருஸ் மாநிலத்தின் கோட்சாகோல்கோஸ் துறைமுக நகரில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் செய்யும் பெரிய ஆலை இயங்கியது. அமெரிக்கச் சலவைத்தூளில் அப்பொருளுக்கு இடமில்லாது போன பின்னரும், 2000-களில் இந்த ஆலையின் விளைபொருள் மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் சலவைத்தூளுக்குச் சென்றுகொண்டிருந்தது. அந்நாட்டு நீர்நிலைகளும் நலமாக இல்லை. மெக்சிகோ நகருக்குக் குடிநீர் தரும் குட்சமாலா அமைப்பின் பகுதியான வாயே தே பிராவோ நீர்த்தேக்கம், கழிவுநீர் கொண்டுசேர்க்கும் ஊட்டத்தால் பாசி பூத்துத் தொல்லைப்படும் நீர்நிலைகளுள் ஒன்று.

இவ்வரலாற்றின் முள் இங்கேதான் இருக்கிறது. ஏரியல், ஏஸ், டைட் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். உலகெங்கும் தன் சலவைத்தூள்களிலிருந்து பாஸ்பேட்டை ஈராண்டுக்குள் நீக்குவதாகப் புராக்டர் அண்ட் கேம்பிள் அறிவித்தது 2014 சனவரியில். அமெரிக்காவில் அது நீங்கி அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாற்றுப்பொருள் தெரிந்திருந்தது; அதனைச் செய்யும் முறையும் தெரிந்திருந்தது. சட்டம் வற்புறுத்திய இடங்களில் ஏரிகள் முதலில் காக்கப்பட்டன. வற்புறுத்தாத இடங்களில் காத்திருக்க நேர்ந்தது. ‘மெக்சிகோத் தூளில் பாஸ்பேட் உண்டு’ என்னும் நம்பிக்கை பிறந்தது இந்த இடைவெளியில்தான். ஒரு காலத்தில் அந்நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. அதை இன்றைய பையின் மீது அப்படியே ஏற்றிச் சொல்வது, பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலால் வினாவைப் பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒரே பெயரில் விற்கும் தூள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உள்நாட்டுக்குச் செய்ததும் ஏற்றுமதிக்குச் செய்ததும் வேறுபடலாம். நிறுவனத்தின் முறையான ஏற்றுமதியாக அமெரிக்கக் கடைக்கு வரும் தூள், அது விற்கப்படும் மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. எல்லைக்கு அப்பால் வாங்கி வண்டியில் வைத்துக் கொண்டுவரும் பைக்கு அக்கட்டுப்பாடு எட்டாது. பார்க்க வேண்டியது பையின் பின்புறத்தை. அங்கே ‘திரிபொலிஃபோஸ்ஃபாத்தோ தே சோதியோ’ என்றோ, வெறுமனே ‘ஃபோஸ்ஃபாத்தோஸ்’ என்றோ எழுதப்பட்டிருந்தால் உண்டு என்று கொள்ளலாம். ‘சின் ஃபோஸ்ஃபாத்தோஸ்’ என்றால் பாஸ்பேட் இல்லாதது. ‘சின்’ என்னும் அந்தச் சிறு முன்னிடைச்சொல்லுக்கு ‘இன்றி’ என்று பொருள். அதைக் கவனியாமல் ‘ஃபோஸ்ஃபாத்தோஸ்’ என்பதை மட்டும் வாசிப்பவர் நேர்மாறான முடிவுக்கு வந்துவிடுவார். ‘பயோதெக்ராதாபிலே’, அதாவது மக்கக்கூடியது, என்னும் சொல் நுரைக்கும் மூலப்பொருளைப் பற்றியது; பாஸ்பேட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாஸ்பரஸ் ஒரு தனிமம். அது மக்கி மறைவதில்லை.

எல்லை தாண்டி வாங்கும் பழக்கத்தை மெக்சிகோவோடு மட்டும் இணைப்பதும் நேர்மையாகாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளில் பாஸ்பேட்டை வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் மாவட்டம் 2008-இல் தடைசெய்தபோது, பாத்திரங்களில் வெண்படலம் படிகிறது என்று குறைபட்ட மக்கள் அண்டை மாநிலமான ஐடஹோவுக்கு வண்டியோட்டிச் சென்று பழைய தூளை வாங்கிவந்தனர். 2010 சூலையில் பல மாநிலங்கள் ஒருசேர அதே தடையை நடைமுறைப்படுத்திய பின்னரே அந்தப் பயணத்துக்குப் பொருளில்லாது போயிற்று. தடை ஓர் ஊரோடு நின்றால் அடுத்த ஊர்க் கடை அதனைத் தோற்கடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 சூன் 30 முதல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே வரம்பை விதித்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

தடையால் என்ன விளைந்தது? கழிவுநீர் நிலையங்கள் சீர்செய்யப்பட்டதும் தூளிலிருந்து பாஸ்பேட் குறைந்ததும் சேர்ந்து 1980-களில் ஈரி ஏரியை மீட்டன. ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸ் என்ற இலக்கு எட்டப்பட்டது. ஆனால் 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் பாசி திரும்பி வந்தது. இம்முறை பெரும்பங்கு வயல்களிலிருந்து வழிந்த உரத்தினுடையது. 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரின் குடிநீரில் பாசி நஞ்சு கலந்ததால், ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் குழாய்நீரை அருந்தக் கூடாதென எச்சரிக்கப்பட்டனர். சலவைத்தூள் நிறுவனம் உலகளாவிய விலக்கலை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். வாயில் ஒன்றை அடைத்ததும் ஊட்டம் வேறொரு வாயில் வழியே ஏரிக்குள் நுழைந்திருந்தது.

இருந்தும் அந்த முதல் வாயிலை அடைத்தது வீணாகவில்லை. வயலிலிருந்து வழியும் உரத்தைத் தடுக்க ஆயிரக்கணக்கான உழவர்களின் பழக்கம் மாற வேண்டும். தூளிலிருந்து பாஸ்பேட்டை நீக்கவோ சில நிறுவனங்களின் கலவைப் பட்டியல் மாறினால் போதும். அந்த எளிய மாற்றத்தைக்கூட ஒரு நாட்டு மக்கள் 1970-களிலிருந்தே பெறத் தொடங்க, எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அடுத்த நூற்றாண்டு வரை காத்திருந்தார்கள். மெக்சிகோத் தூளில் பாஸ்பேட் உண்டா என்று கேட்பவர், இருந்த காலத்தில் ஏன் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.