எக்ஸ்பாக்ஸ் லைவுக்கு முந்தைய இணையவழி ஆட்டம்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் என்னும் நிகழ்பட ஆட்டக் கருவி 2001 நவம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கான இணையச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் சரியாக ஓராண்டு கழித்தே, 2002 நவம்பர் 15 அன்று, தொடங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தொலைவிலுள்ள நண்பர்களுடன் விளையாட ஆட்டக்காரர்கள் வேறொரு வழியைக் கையாண்டனர்.

கருவியுடன் வெளிவந்த ஹேலோ ஆட்டத்தில் ‘சிஸ்டம் லிங்க்’ என்ற வசதி இருந்தது. ஒரே இடத்தில் நான்கு கருவிகளைக் கம்பிவழி இணைத்து 16 பேர் வரை ஆடலாம். கருவிகள் ஒன்றையொன்று கண்டறிய, அந்த உள்வலையமைப்பு முழுவதற்கும் தரவுப் பொதிகளை அனுப்பும். கேம்ஸ்பை, எக்ஸ்பிகனெக்ட் ஆகியவற்றின் மென்பொருள்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. வீட்டிலுள்ள கணினி அப்பொதிகளைப் பிடித்து, இணையம் வழியாக நண்பரின் கணினிக்கு அனுப்பும்; அது தன் அருகிலுள்ள கருவியிடம் சேர்க்கும். எதிராளி பக்கத்து அறையில் இருப்பதாகவே எக்ஸ்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

உள்வலையமைப்பின் வேகத்துக்கென அமைக்கப்பட்ட ஆட்டம் என்பதால், இணையத்தில் தாமதம் ஏற்பட்டது. ஓடும் எதிராளியைச் சுட, அவருக்குச் சற்று முன்னால் குறிவைக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்த பின்னும் இம்முறை மறையவில்லை. முதல் ஹேலோ ஆட்டத்துக்கு அச்சேவையில் இடமில்லை. முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்கான சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும் எக்ஸ்லிங்க் காய் என்னும் மென்பொருள் வழியே பழைய கருவிகளில் ஆட்டம் தொடர்ந்தது. நிறுவனத்தின் வழங்கியை நம்பியிராததே இம்முறை நிலைத்ததற்குக் காரணம்.